டி டிரைவைத் தின்றது யார்?

ஓய்வு பெற்ற டாக்டரைக் கல்யாண வீட்டில் பார்த்தால் முழங்காலை நீட்டிக் காட்டுவார்கள். என்னைப் பார்த்தால் போனை நீட்டுகிறார்கள். "மேடம், ஃபுல்லுன்னு காட்டுதுங்க, கொஞ்சம் பாருங்க." ஓசூரில் எங்கள் லேஅவுட்டில் வாட்ச்மேன் முதல் காய்கறி வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும், கோமதி மேடம் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்தவர் என்று. சாயங்காலம் நடக்கப் போனால் திரும்பி வருவதற்குள் இரண்டு போனையாவது சுத்தம் செய்துவிட்டுத்தான் வருகிறேன்.

போன வாரம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்தே அழைப்பு வந்தது. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரவீண் பேசினான்.

"மேடம், எல்லாத்தையும் க்ளவுடுக்கு மாத்திட்டோம். இனிமே இடப் பிரச்சினையே வராதுன்னு சொன்னாங்க. இப்ப க்ளவுடும் ஃபுல் ஆயிடுச்சு!"

நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை. "கீழ இறங்கிப் போயி மெஷினப் பாருப்பா" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. க்ளவுடுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், அதற்குள் அவனை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பாதியில் நின்ற பேச்சு எனக்கு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. கணவருக்கு ஓசூரில் டூல் ரூமில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து இறங்கினேன். வந்த புதிதில் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தமிழில் தொடங்கி, தெலுங்கில் நடத்தி, கன்னடத்தில் பேச்சை முடித்ததைக் கேட்டு மிரண்டுபோனேன். பிறகு எனக்கு அது பழகிவிட்டது, இங்குள்ளவர்களுக்கு என்னுடைய 'அங்கிட்டு இங்கிட்டு' பழகியது மாதிரி. பைக் பிரேக்குக்கான சின்னச் சின்னப் பித்தளைப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாத காலம் அது. கோயில் வாசலிலாவது செருப்புக்கு டோக்கன் தருவார்கள், இங்கே அதுவும் கிடையாது. வருஷங்கள் ஓடின. சாஃப்ட்வேர் மாறியது, மேலாளர்கள் மாறினார்கள், ஒரு நாள் பார்த்தால் சிஸ்டம்ஸ் பிரிவுக்கு நானே பொறுப்பாளர். எப்படி அவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று பிரிவுபசார விழாவில் கேட்டார்கள். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எல்லோரும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள், நான் போகவில்லை. வேறு ரகசியம் எதுவும் கிடையாது.

சர்வர் என்பது எல்லாப் பிரிவுகளும் தங்கள் கோப்புகளைப் போட்டு வைக்கிற பொதுக் கம்ப்யூட்டர். அதில் டி டிரைவ் என்று ஒரு பெரிய பகுதி. அது நிரம்பிவிட்டால் டெஸ்பாட்ச்சில் லேபிள் பிரிண்ட் ஆகாது. லேபிள் ஒட்டாத பெட்டி கேட்டைத் தாண்டாது. லாரி நிற்கும். லாரி நின்றால் பைக் கம்பெனிக்காரர்கள் போன் செய்து, நம்மை மரியாதையாகவே திட்டுவார்கள். ஆகவே காலையில் வந்ததும் டி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்றுதான் முதலில் பார்ப்பேன். மேஜை மேல் இருக்கும் பிள்ளையாரை அதற்கப்புறம்தான் பார்ப்பேன்.

இடத்தைத் தின்றது யார் என்று ஆட்களிடம் கேட்கவே கூடாது. கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "என்கிட்ட ஒண்ணுமே இல்லீங்க மேடம்." அதனால் நான் கோப்புகளைத்தான் விசாரிப்பேன். முதலில் பெரியது தொடங்கி சின்னது வரை வரிசையாக்குவேன். பிறகு தேதிப்படி அடுக்குவேன். ஒரே பெயரில் ஒரே அளவில் ஒரு கோப்பு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். கடைசியாகக் குப்பைத் தொட்டி. எல்லாம் அழித்துவிட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்களின் சொத்து முழுக்க அங்கேதான் கிடக்கும். பெரும்பாலும் இதற்குள் ஆள் சிக்கிவிடுவார்.

அப்படிச் சிக்கியவர்கள் நிறையப் பேர். லீவு, சம்பளம் பார்க்கிற பெர்சனல் பிரிவில் ஒரு அம்மா தினமும் காலையில் எல்லோருக்கும் ரோஜாப்பூ படத்தோடு குட் மார்னிங் அனுப்புவார். ஒவ்வொருவர் மெயில் பெட்டியிலும் அந்த ரோஜா ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருஷத்து ரோஜாவை ஒரே மதியத்தில் அழித்தேன். மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் குட் மார்னிங் நின்றுபோனது. டிசைன் பிரிவில் ஒருவர் ஒரே டிராயிங்கை 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனலோ ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' என்று வரிசையாகச் சேமித்து வைத்திருந்தார். "இதுல எது சார் ஃபைனல்?" என்றேன். "அது பேப்பர்ல இருக்கு மேடம்" என்றார். ஸ்டோர்ஸில் 'ஆடிட் ரெக்கார்ட்ஸ்' என்றொரு ஃபோல்டர் மாதாமாதம் பருத்துக்கொண்டே போனது. ஆடிட் என்று பெயர் வைத்தால் யாரும் திறக்கமாட்டார்கள் என்று தெரிந்த ஒரு புண்ணியவான், அதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மொழிவாரியாகப் பிரித்து சினிமா வைத்திருந்தார். எங்கள் தொழிற்சாலையில் அவ்வளவு ஒழுங்காக அடுக்கிய ஃபோல்டர் வேறு கிடையாது. அழிக்க எனக்கே மனசு வரவில்லை.

இதெல்லாம் சில்லறைத் திருட்டு. என்னைத் திணறடித்தது ஒரே ஒரு கேஸ்தான். அதைச் சொல்வதற்கு முன் வெங்கடாசலம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் பிளான்ட் ஹெட். நாமக்கல் பக்கத்துக்காரர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டார். எதைச் சொன்னாலும் "அப்படிங்களா" என்பார். அந்த ஒரு வார்த்தையில் மூன்று வகை உண்டு. தலையை ஆட்டிக்கொண்டே சொன்னால், புரிந்தது, நீங்கள் போகலாம் என்று பொருள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னால், நம்பவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று பொருள். எழுந்து நின்று சொன்னால் எதிரே இருப்பவருக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்காது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்க வேண்டும் என்பது சாரின் கொள்கை. துடைப்பத்துக்குக்கூடத் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் போட்டிருக்கும். வேண்டாத பொருள் என்று யாராவது முடிவு செய்தால் அதில் ஒரு சிவப்பு அட்டை கட்டுவோம். அட்டை விழுந்த பொருள் பின்பக்கக் கம்பி வேலிக்குள் போகும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பழைய இரும்புக்காரருக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சார் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார், சாமி காரியம் உட்பட. ஆயுத பூஜையன்று பட்டு வேட்டி கட்டி, இடது கையில் தட்டை ஏந்தி, பித்தளையை அடித்து வடிவாக்கும் பெரிய பிரஸ் தொடங்கி ஸ்டேப்ளர் வரை தன் கையால் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைப்பார். எடை பார்க்கும் தராசுக்கு, தீயணைப்பு சிலிண்டருக்கு, செக்யூரிட்டியின் டார்ச் லைட்டுக்கு என்று ஒன்றையும் விடமாட்டார். அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர்கள் வருவார்கள், விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அவர்கள் வைப்பார்கள். என் கம்ப்யூட்டருக்கு வந்தால் திரையின் நட்ட நடுவில் வைத்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார். பூஜைப் பொட்டை யாரும் துடைக்கமாட்டோம். அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு அப்புறம் ஒரு வாரத்துக்கு நான் எக்செல் தாளை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்தித்தான் பொட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிப்பேன்.

இந்தப் பூஜையைப் படம் எடுக்கிறவர் நஞ்சப்பா. குவாலிட்டி பிரிவு. ஓசூரை அடுத்த தளிக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அங்கே அவருக்குக் கொஞ்சம் ரோஜாத் தோட்டம் இருந்தது. விடியற்காலையில் மனைவியோடு சேர்ந்து பூவை வெட்டிக் கட்டி, பூ வண்டியில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு பைக்கில் கிளம்பி ஷிப்டுக்கு வருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரோஜா இலையாவது ஒட்டிக்கொண்டிருக்கும். சொந்தக் காசில் நல்ல கேமரா வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு மெஷினையும் மூன்று கோணத்தில் எடுப்பார். எடுத்ததைத் தன் ஃபோல்டரில் ஒன்று, பாதுகாப்புக்குப் பிரிவு ஃபோல்டரில் ஒன்று, எல்லோரும் பார்க்கப் பொது ஃபோல்டரில் ஒன்று என்று போட்டு வைப்பார். அதற்காக அவரை நான் திட்டாத வருஷமே கிடையாது.

அந்தக் கேஸ் நடந்த வருஷம் பூஜை விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய கையோடு டி டிரைவ் நிரம்பி, டெஸ்பாட்ச்சில் லேபிள் நின்றுபோனது. லாரி டிரைவர்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பழைய பேக்கப் ஒன்றை அழித்து இடம் பண்ணினேன், லேபிள் ஓடியது. மறுநாள் மறுபடி நின்றது.

சார் மீட்டிங் போட்டார். "இந்த வாரம் புதுசா சர்வர்ல என்ன ஏறுச்சு?" என்று கேட்டார். எல்லோரும் நஞ்சப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "பூஜை போட்டோங்க சார்" என்று யாரோ ஒருவர் மெல்லச் சொன்னார். சார் எழுந்து நின்றார்.

"அப்படிங்களா."

பிறகு என்னிடம் ஒரு சிவப்பு அட்டையை நீட்டினார். "நஞ்சப்பா கம்ப்யூட்டர்ல கட்டிருங்க மேடம். போட்டோ அத்தனையும் அழிக்கணும். போச்சம்பள்ளி யூனிட்ல குவாலிட்டிக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்கறாங்க. இன்னொரு தடவை லேபிள் நின்னா, நஞ்சப்பா அங்க போயிரட்டும்."

வெளியே வந்ததும் நஞ்சப்பா என் பின்னாலேயே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ்ஸு இருட்டுலயே எடுத்துருவாங்க. அதப் புடிக்கணும்னா நான் தளிலருந்து எப்ப கெளம்பறது? அந்த நேரத்துலதான் பூ வெட்டணும். வெயில் ஏறுனா மொக்கு விரிஞ்சிரும், விரிஞ்சத யாரு வாங்குவாங்க? அவ ஒருத்தியால முடியாது மேடம். தோட்டத்த விடணும், இல்லன்னா வேலைய விடணும். ஏனு மாடோது?"

என்ன செய்வது என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அட்டையை அவர் கம்ப்யூட்டரில் கட்டினேன். பூ மாலை மாதிரி அது திரைக்கு முன்னால் தொங்கியது. ஆனால் படங்களை அழிக்கவில்லை. மூன்று பிரதிகளில் இரண்டை எடுத்து வேறு ஒரு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். கிடைத்த இடம் மதியத்துக்குள் கரைந்துபோனது. ஒரு போட்டோ கூடப் புதிதாக ஏறவில்லை. அப்படியானால் தின்கிறவர் வேறு யாரோ.

சாரிடம் போய்ச் சொன்னேன். மூக்குக்கண்ணாடி கழன்றது. "அப்படிங்களா."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார். அதுக்குள்ள லேபிள் நிக்காம நான் பாத்துக்கிறேன்."

"நாளைக்குச் சாயங்காலம். நானே வந்து கேக்கறேன்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் கோபம் கொதித்தது. நஞ்சப்பா மேல் பெரிய பாசம் என்று சொல்லமாட்டேன். என் கணக்குக்குப் பிடிபடாத ஒன்றைத் தூக்கி, கையில் கேமரா வைத்திருந்த பாவத்துக்காக ஒருத்தர் தலையில் கட்டுகிறார்களே என்றுதான் கோபம். அன்று வீட்டுக்குப் போய் ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வந்து ஒரு கணக்குப் போட்டேன். டிரைவில் மொத்தம் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று சர்வர் ஒரு எண் சொல்லும். ஒவ்வொரு ஃபோல்டரின் அளவையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் இன்னொரு எண் வரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அன்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் சோறு போட்டு எண்ணிப் பார்த்தாயிற்று, ஆனாலும் பானையில் பாதியைக் காணோம் என்றால், நான் எண்ணாத ஆள் ஒருவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்றுதானே பொருள்?

அடுத்து, மிச்சமிருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். டீ மணி அடித்தது. டீ மணி அடித்தால் எங்கள் தொழிற்சாலையில் மேஜைக்கு முன்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள், கூரை இடிந்து விழுந்தாலும் டம்ளரோடுதான் வெளியே ஓடுவார்கள். ஆனால் டி டிரைவில் இடம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. டீ குடிக்கப் போகாமல் வேலை செய்கிற மனிதன் எங்கள் ஊரில் கிடையாது. ஆக, தின்கிறது மனிதன் இல்லை.

மறுபடி ஃபோல்டர்களைப் பார்த்தேன். ஒன்றே ஒன்றின் அளவு மட்டும் சுத்தமாகப் பூஜ்யம் என்று காட்டியது. அதைத் திறக்கப் போனேன். அனுமதி இல்லை என்றது. சர்வருக்குப் பொறுப்பாளரான எனக்கே அனுமதி இல்லை! உள்ளே போக முடியாத ஃபோல்டருக்குப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டிருந்தது என் கணக்கு. அது பாகங்களைப் படம் எடுத்து இறுதி ஆய்வு செய்யும் கேமரா மெஷினுடைய ஃபோல்டர். அந்த வருஷம்தான் மெஷின் புதிதாக வந்தது. அதைப் பொருத்த வந்த பெங்களூர் இன்ஜினியர் தன் பெயரில் ஃபோல்டரைத் திறந்து, தன்னைத் தவிர யாருக்கும் உரிமை தராமல் போயிருந்தார். அந்த உரிமையை என் பெயருக்கு மாற்றித் திறந்தேன்.

உள்ளே படங்கள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. ஒன்றைத் திறந்தேன். காலியான கறுப்பு பெல்ட். அடுத்ததைத் திறந்தேன். அதே காலி பெல்ட். நூல் பிடித்த மாதிரி ஏறக்குறைய எல்லாமே காலி பெல்ட்.

நஞ்சப்பா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஃபோகஸ் நல்லாத்தான் இருக்குது மேடம்" என்றார்.

இரண்டு பேரும் கீழே இறங்கிப் போனோம். சாப்பாட்டு நேரம். ஆய்வுப் பகுதியில் யாரும் இல்லை, பெல்ட் நின்றிருந்தது. பக்கத்துக் கூடத்தில் பிரஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதை எதற்கும் நிறுத்தமாட்டார்கள். பிரஸ் தொம் என்று இறங்கியது. ஆளில்லாத, பொருளில்லாத அந்த மெஷினுக்குள் விளக்கு பளிச்சென்று மின்னியது. மறுபடி தொம். மறுபடி பளிச். நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அந்த மெஷின் வேலை செய்யும் விதம் எளிது. பெல்ட்டுக்கு ஒரு பக்கம் சிவப்பு ஒளி விடுகிற ஒரு சென்சார். எதிர்ப்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கண்ணாடி வில்லை. சென்சார் விடுகிற ஒளி வில்லையில் பட்டுத் திரும்பி வரும். நடுவில் ஒரு பாகம் குறுக்கிட்டால் ஒளி அறுபடும், உடனே கேமரா படம் எடுக்கும். படத்தில் பாகம் இல்லாவிட்டால் மெஷின் கண்டுகொள்ளாது, மணி அடிக்காது, பெல்ட்டையும் நிறுத்தாது. ஆனால் எடுத்த படத்தைப் பத்திரமாக என் சர்வருக்கு அனுப்பிவிடும்.

குனிந்து வில்லையைப் பார்த்தேன். அதன் மேல் அழகான ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். பாதிக் கண்ணாடியை அது மறைத்திருந்தது. திரும்பி வருகிற ஒளி ஏற்கெனவே பாதியாகிவிட்டது. பிரஸ் இறங்கி மெஷின் ஒரு நூல் அதிர்ந்தாலும் மிச்சமும் அறுந்து, பாகம் வந்துவிட்டது என்று நினைத்துக் கேமரா கிளிக் செய்துகொண்டிருந்தது. விடுமுறை முடிந்து மின்சாரம் போட்ட நிமிஷத்திலிருந்து இதே வேலை.

அதற்குள் அந்த மெஷினை ஓட்டுகிற ராணி கை கழுவிவிட்டு வந்தாள். பேரிகை கிராமத்துப் பெண், வேலையில் படு சுத்தம்.

"ஏம்மா, இந்தப் பொட்டு இங்க இருக்கிறது உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க மேடம். டெய்லி நான்தான் அதச் சுத்தித் தொடைக்கிறேன். பொட்டு அழியாம, ஓரத்துல மட்டும்" என்றாள் பெருமையாக.

"அந்தப் பொட்டையும் சேத்துத் தொடைச்சிருக்கலாம்ல?"

"பூஜைப் பொட்டுங்க மேடம்! அதப் போயி தொடைக்கச் சொல்றீங்களே!"

சரி, நானே துடைக்கிறேன் என்று கைக்குட்டையை எடுத்தேன். வில்லைக்குப் பக்கத்தில் போனதும் என் கை நின்றுவிட்டது. நஞ்சப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். மூன்று பேர், ஒரு பொட்டு. பிரஸ் தொம் தொம் என்று இறங்கிக்கொண்டிருந்தது, என் டி டிரைவ் கரைந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சாருக்கு போன் செய்தேன்.

சார் வந்தார். சொன்னதைக் கேட்டார். குனிந்து பொட்டைப் பார்த்தார், நிமிர்ந்து விளக்கு மின்னுவதைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்தார். உதடு அசைந்தது, சாமியிடம் ஏதோ சொன்னார் போலிருக்கிறது. ஒரே துடைப்பில் பொட்டை எடுத்து, கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரஸ் தொம் என்று இறங்கியது. விளக்கு மின்னவில்லை. இன்னொரு தொம். ஒன்றுமில்லை. நஞ்சப்பா அடக்கி வைத்திருந்த மூச்சு எனக்கே கேட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு இத இங்க வச்சது?"

ராணி, "தெரியலீங்க சார், நான் அந்தப் பக்கம் கோலம் போட்டுட்டிருந்தேன்" என்றாள்.

"சாமி காரியம்னா கண்ண மூடிக்கிட்டு செய்யறதா? எது எங்க இருக்கணுமோ அது அங்க இருக்கணும். கண்ணாடில போயி யாராவது பொட்டு வைப்பாங்களா? யாருன்னு பாத்து வைங்க மேடம், சாயங்காலம் வரேன். போச்சம்பள்ளில அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்குது."

அவர் போன பிறகு ராணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மெஷின், அவள் பொறுப்பு. ஆள் கிடைக்காவிட்டால் பேச்சு அவளிடம்தான் வந்து நிற்கும்.

யார் வைத்தது என்று பார்க்க எங்கள் தொழிற்சாலையில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஒவ்வொரு மெஷினையும் மூன்று கோணத்தில் எடுத்த மனிதர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் மேஜைக்குப் போய், திரைக்கு முன்னால் தொங்கிய சிவப்பு அட்டையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நான் அழிக்காமல் விட்ட ஃபோல்டரைத் திறந்தோம். கேமரா மெஷின், முதல் படம், வாழைக்கன்றோடு. இரண்டாம் படம், ராணி கோலத்தோடு. மூன்றாம் படம்.

பட்டு வேட்டி. இடது கையில் தட்டு. இடுப்பை வளைத்து, நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, வட்டம் கோணாமல் அந்தச் சின்ன வில்லையில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார் வெங்கடாசலம் சார். முகத்தில் அவ்வளவு பக்தி. நஞ்சப்பா எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான் என்பேன்.

நஞ்சப்பா தணிந்த குரலில் சொன்னார்: "மேடம், யாருன்னு தெரியலன்னு சொல்லிருங்க. எனக்கு போச்சம்பள்ளி வேணாம், அது போதும்."

"தெரியலன்னு சொன்னா ராணிய அனுப்புவாரு. பேரிகைல இருந்து அவ எப்படிய்யா போவா?"

அவர் யோசித்தார். சட்டைப் பையில் இருந்த இலையை எடுத்துக் கசக்கினார். "அப்ப காட்டிருங்க" என்றார். "எடுத்தது நான்தானே. கேட்டா, நான்தான் எடுத்தேன்னு சொல்லிருங்க."

எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்துப்போனது.

சாயங்காலம் சார் சொன்னபடி வந்தார். நஞ்சப்பாவின் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு குனிந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் இறங்கிக்கொண்டே இருந்தது.

"அப்படிங்களா" என்றார்.

அது நான்காவது வகை. அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை, அதற்குப் பின்னாலும் கேட்டதில்லை. பாதி வார்த்தைதான் வெளியே வந்தது. பிறகு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டார்:

"இந்தப் படம் எவ்வளவு இடம் புடிக்குதுங்க மேடம்?"

"நாலு எம்பி சார்."

"இத மட்டும் அழிச்சிருங்க. இடப் பிரச்சினை தீந்துரும்."

அழித்தேன். அவர் கையை நீட்டி, திரையில் கட்டியிருந்த சிவப்பு அட்டையைத் தானே அவிழ்த்து, மடித்து, தன் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். நஞ்சப்பாவைப் பார்த்து, "பூ இப்ப நல்ல வெலைக்குப் போகுதுங்களா?" என்று கேட்டார். "பரவால்லீங்க சார்" என்றார் அவர். சார் தலையை ஆட்டிவிட்டுப் போனார். போச்சம்பள்ளிப் பேச்சு அதன் பிறகு எழவே இல்லை. நஞ்சப்பா எந்தப் படத்தையும் ஒரே இடத்தில் வைக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும், சாருக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலையில் என் மேஜையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு ரோஜா இருந்தது. இன்னும் விரியாத மொக்கு. நஞ்சப்பா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

"இந்த ரோஜா சர்வர்ல இடம் அடைக்காது மேடம்."

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. சார் தட்டோடு கேமரா மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். சந்தனம் தொட்ட விரல் அந்தரத்தில் நின்றது. நஞ்சப்பா கேமராவைக் கீழே இறக்கி, மெஷினின் இரும்புக் காலைச் சுட்டிக் காட்டினார். சார் கீழே உட்கார்ந்து, அந்தக் காலில் அழகாக ஒரு பொட்டு வைத்தார். ராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

பிறகு அவர் என் அறைக்கு வந்தார். பொட்டு வைக்க வேறு ஒரு இடம் காட்டலாம் என்று நான் விரலை எடுப்பதற்குள், திரையின் நட்ட நடுவில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.